மார்பை முழுவதும் எடுக்காதது தவறா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

கெடிலக்கரை மகள்:
திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 56. 2022இல் இடது மார்பில் சிறிய கட்டி, தொடக்க நிலைப் புற்றுநோய் என்றார்கள். கட்டியையும் சுற்றியிருந்த சதையையும் மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இப்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை. நன்றாகத்தான் இருந்தார். போன வாரம் கல்யாண வீட்டில் பெரியம்மா, "முழுவதும் எடுத்திருந்தால் வேரோடு போயிருக்குமே" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. நாள்தோறும் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். 15, 20 ஆண்டுகள் கழித்து என்ன ஆகும்?

அரியாங்குப்பத்தான்:
என் மாமியாருக்கு முழுவதும்தான் எடுத்தார்கள். சில ஆண்டுகளில் தழும்பின் மேலேயே ஒரு முடிச்சு வந்தது. சிகிச்சை பெற்று இன்றும் நடமாடுகிறார். எடுத்துவிட்டால் வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது.

முத்தியால்பேட்டை டீச்சர்:
தங்கையே, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. எனக்கும் 2009இல் இதே அறுவை சிகிச்சைதான்.

மிலான் நகரில் வெரோனேசி என்ற மருத்துவர் 1973 முதல் 1980 வரை 701 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார். பாதிப் பேருக்கு முழு மார்பும் எடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். 20 ஆண்டு முடிவு 2002இல் வெளிவந்தது. மார்பைக் காத்த 352 பேரில் 30 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. முழுவதும் எடுத்தவர்களில் 8 பேருக்கு வந்தது. பெரியம்மா சொன்னதில் இவ்வளவு உண்மை உண்டு. ஆனால் இந்த நோயால் இறந்தவர்கள் மார்பைக் காத்தவர்களில் நூற்றுக்கு 26, முழுவதும் எடுத்தவர்களில் 24. அதை வித்தியாசமாகவே மருத்துவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. இன்றுள்ள மருந்துகள் பலவும் அன்று கிடையாது என்பதையும் அம்மாவிடம் சொல்.

ஏன் இப்படி? பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தாவது எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவுவதுதான். அறுவைக்கு முன்பே கிளம்பிவிட்ட செல்லை, மார்பை முழுவதும் எடுத்தாலும் பிடிக்க முடியாது. அதற்குத்தான் மாத்திரை.

கரண்ட் வைத்ததைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஃபிஷர் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வில், அது இல்லாமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் திரும்பியது. வைத்துக்கொண்டவர்களில் 14 பேருக்கு. எனக்குக் கரண்ட் வைத்த நாட்களில் கோரிமேட்டு மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போய் வருவேன். கதிர் பட வேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் போட்ட மைக்கோடு அழியக் கூடாதென்று அந்தப் பக்கம் சோப்பே படவிடமாட்டேன். ரவிக்கை உரசினால் எரியும். வீட்டில் கணவரின் பழைய பருத்திச் சட்டைதான். தோல் கறுத்து உரிந்து பிறகு தேறியது. இன்றும் அந்த இடம் சற்று இறுகித்தான் இருக்கிறது. அம்மா தடவிப் பார்த்துப் பயப்படுவதும் அதுவாக இருக்கலாம், ஆனாலும் டாக்டர் ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். ஆண்டுக்கொரு மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுக்க வேண்டும், இரண்டு மார்புக்கும். ஹார்மோன் சார்ந்த வகை 10, 15 ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடும்.

கெடிலக்கரை மகள்:
நன்றி அக்கா. மூட்டு வலிக்கிறது, மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்று அம்மா கேட்கிறார்.

முத்தியால்பேட்டை டீச்சர்:
தானாக நிறுத்த வேண்டாம் கண்ணே. லெட்ரோசோலால் மூட்டுவலி வருவது வழக்கம்தான். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்த முறை போகும்போது அம்மா மறைக்காமல் சொல்லட்டும், நீயும் கூடவே போ.