மழைக்காக நின்ற மழை சொனாட்டா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயலின், பியானோ இரண்டையும் நேரில் கேட்ட அனுபவம் கேட்டிருந்தீர்கள். நான் கேட்டது கச்சேரி இல்லை, ஒலிப்பதிவு. எங்கள் ஊரில் ஒரு பழைய மண்டபத்தில் மூன்று நாள் நடந்தது. வயரிங்காரன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். ஏர்கோன், காத்தாடி, இரைகிற டியூப் லைட் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

வயலினும் பியானோவுமாக இருவர் வாசித்தது, ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் ஜி மேஜர் சொனாட்டா (சில பகுதிகளாக அமைந்த இசைப் படைப்பு), 1879இல் எழுதி முடித்தது. தாம் முன்பே எழுதிய மழைப் பாட்டின் மெட்டைக் கடைசிப் பகுதியில் கொண்டுவந்திருப்பதால் 'மழை சொனாட்டா' என்றும் பெயர். ஒரே சுரம் மூன்று முறை விழும். அதன் அடியில் பியானோ சளசளவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பகுதி பாதி போயிருக்கும், நிஜ மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை வேறு. இருவரும் அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியற்காலையில் மழை என்றால் பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போன வேகத்தில் திரும்பிவிடுவார். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது, மரமெல்லாம் வழியும். மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழுந்ததிலும் மழைத்தண்ணீர் கலந்துவிடும். அன்றைய சம்பளம் போச்சு. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த இருவரும் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வந்தது.

வயலின் வாசித்த பெண் அந்த நேரத்தில் வில்லுக்கு ரோசின் தேய்த்தார். தேன் நிறத்தில் ஒரு கட்டி. பைன் மரத்தைக் கீறி வடித்த பிசினைக் காய்ச்சி எடுப்பதாம். "அப்ப இதுவும் மரம் வெட்டி எடுக்கிறதுதானாம்மா?" என்றேன். "ஆமா அங்கிள், இது இல்லன்னா வில்லு நரம்பைப் பிடிக்காது. சத்தமே வராது" என்று கட்டியை என் கையில் கொடுத்தார். விரலில் ஒட்டிய மணம் வீட்டுக்குப் போகும்வரை இருந்தது.

தைப்பிங்கிலிருந்து ஒருவர் பதில்: அண்ணே, நான் ஒருமுறை இப்படி ஒரு ஜோடிக்கு, வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து இசைத்தாள் புரட்டியிருக்கிறேன். பீத்தோவனின் க்ராய்ட்சர் சொனாட்டா. வயலின்காரர் தாளில் அவர் பங்கு மட்டும்தான். பியானோக்காரர் தாளிலோ மேல் வரியில் வயலின், கீழே இரண்டு வரி அவருடையது. வயலின் எங்கே மூச்சு விடப்போகிறது என்று பார்த்துப் பார்த்து வாசித்தார். பியானோவைப் பக்கவாத்தியம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். பீத்தோவன் இந்த மாதிரி சொனாட்டாக்களைப் பியானோவுக்கும் வயலினுக்கும் என்றுதான் எழுதினார், பியானோ பெயர்தான் முன்னால். சரி, உங்கள் ஊர்ப் பதிவு முடிந்ததா?

சுங்கை சிப்புட்: முடிந்தது தம்பி. மறுநாள் ராத்திரி, மோட்டார் சைக்கிள் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, கடைசிப் பகுதியை முதலிலிருந்து எடுத்தார்கள். அனுமதி கேட்டுவிட்டு அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். செருப்புச் சத்தம் பதிவில் விழுந்துவிடும் என்று கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முடிவில் இரண்டும் அப்படியே தணிந்து அடங்கும். ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கும்வரை யாரும் அசையவில்லை. அதன் பிறகுதான் அம்மா செருப்பைக் கீழே வைத்தார்.