பழைய கணினியிலேயே வீட்டு ரெக்கார்டிங்கைத் தொடரலாமா, மாற்றிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

மதுரைக்காரன்

2011-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ஐ5-2400 பிராசஸர், 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. இதில்தான் ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் மென்பொருளைப் போட்டு, இரண்டு மைக் சொருகுகிற யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் வைத்து வீட்டிலேயே பாட்டு பதிகிறோம். மனைவி தேவாரம், திருப்புகழ் பாடுவார், நான் கீபோர்டு, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மாமா ஒருவர் மிருதங்கம்.

குரலும் மிருதங்கமும் மட்டும் என்றால் ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல் வயலின், செல்லோ என்று சாம்பிள் லைப்ரரியை (நிஜ வாத்தியத்தை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிந்துவைத்த தொகுப்பு) ஏற்றினால் போதும், சடசடவென்று பொரிகிற சத்தம் வருகிறது, சில சமயம் பாட்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது, மாமா மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். இதில் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்கிறார்கள், என்னுடையது இரண்டாம் தலைமுறை. கடைக்காரரிடம் கொண்டுபோனால் மூடியைக்கூடக் கழற்றவில்லை, "இதைத் தூக்கிப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டார். கையில் நாற்பதாயிரம் வரை இருக்கிறது. ஆனால் பாதிப் பணத்துக்கு நல்ல மைக் ஒன்று வாங்கலாமே என்றும் மனது அடித்துக்கொள்கிறது. இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

கோவை, பீளமேடு

தம்பி, என்னிடமும் ஏறக்குறைய இதே வயசு மெஷின் இருந்தது, இன்னும் இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான்: எது திணறுகிறது என்று தெரியாமல் பணத்தை எடுக்காதீர்கள். பிராசஸர் திணறலாம், டிஸ்க் திணறலாம், ஏதோ ஒரு டிரைவர் நடுவில் புகுந்து கெடுக்கலாம். சத்தம் மூன்றுக்கும் ஒன்றுதான், அந்தச் சடசட.

முதலில் பஃபர், அதாவது கணினி ஒரு தவணையில் எடுத்துக்கொள்ளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை. நீங்கள் செகண்டுக்கு 48,000 துணுக்கு என்ற கணக்கில் பதிந்து பஃபரை 128 என்று வைத்திருந்தால், ஒவ்வொரு 2.7 மில்லி செகண்டுக்குள்ளும் கணினி எல்லா டிராக்கின் கணக்கையும் முடித்தாக வேண்டும். 1024 என்று வைத்தால் 21 மில்லி செகண்டு அவகாசம். பதியும்போது சிறிய பஃபர், மிக்ஸ் செய்யும்போது பெரிய பஃபர் என்று மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். பாடுகிறவருக்குத் தன் குரல் தாமதமாகக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் சிறியது. அதற்கும் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் இருந்தால், குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும், அப்போது பதியும்போதுகூடப் பெரிய பஃபரிலேயே ஓட்டலாம். என்ன, ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) இல்லாமல் பாடச் சிலருக்குப் பிடிக்காது.

டாஸ்க் மேனேஜரில் 35 சதவீதம்தான் காட்டுகிறது, அப்புறம் ஏன் பொரிகிறது என்று நானும் ஒரு காலத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டதுண்டு. ஒரு டிராக்கில் வரிசையாக மாட்டிய பிளக்-இன்கள் (ரீப்பருக்குள் மாட்டும் எஃபெக்ட், வாத்திய மென்பொருள்கள்) ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும், அதை நான்கு கோர்களுக்குப் பங்குபோட முடியாது. ஒரு கோர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும், மற்ற மூன்றும் சும்மா இருக்கும், சராசரியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரீப்பரிலேயே பெர்ஃபார்மன்ஸ் மீட்டர் இருக்கிறது, அதில் ஆர்டி சிபியு என்ற எண்ணைப் பாருங்கள். அது நூறை நெருங்கினால்தான் பிராசஸர் போதவில்லை என்று அர்த்தம்.

அது குறைவாக இருந்தும் பொரிகிறதா? லேட்டன்சிமான் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதை ஓடவிட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். எந்த டிரைவர் எவ்வளவு நேரம் கணினியைப் பிடித்துவைத்திருந்தது என்று பெயரோடு காட்டும். எனக்கு வைஃபை டிரைவர்தான் சிவப்பில் நின்றது. வைஃபையை அணைத்து, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் போட்டதும் பாதிப் பிரச்சினை காணாமல் போனது. காசு செலவில்லை.

அப்புறம் அந்த ஹார்டு டிஸ்க். 24 பிட், 48,000-ல் ஒரு மோனோ டிராக் ஒரு செகண்டுக்கு 144 கிலோபைட்தான், இருபது டிராக் ஓடினாலும் 3 எம்பியைத் தொடாது. உங்கள் பழைய டிஸ்க்கே அதைத் தாங்கும். குரலும் மிருதங்கமும் தகராறு செய்யாமல் பதிவானது அதனால்தான். சாம்பிள் லைப்ரரி அப்படி இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனிச் சாம்பிள், டிஸ்க்கின் ஊசி இங்கேயும் அங்கேயும் ஓடி எடுத்துவர வேண்டும். அதனால் என் சந்தேகமெல்லாம் டிஸ்க் மேலேதான். சுழலும் தட்டோ ஊசியோ இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், போர்டில் இருப்பது வேகம் குறைந்த பழைய சாட்டா 2 இணைப்பாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த வேலைக்கு மொத்த வேகத்தைவிடத் தேடும் நேரம்தான் முக்கியம். நாளைக்குப் புது மெஷின் வாங்கினாலும் அதே எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், பணம் வீணாகாது.

வயலின் பகுதி முடிவானதும் அந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். அது வெறும் ஆடியோவாகிவிடும், லைப்ரரி ராமில் இருந்து இறங்கிவிடும். பிறகு மாமாவைக் கூப்பிடுங்கள்.

திருச்சி, குரல் கலைஞர்

நான் பாட்டு இல்லை, விளம்பரக் குரலும் ஆடியோபுக்கும். எனக்கு வேகம் பிரச்சினையே இல்லை, ஒரே ஒரு மோனோ டிராக், பத்து வருஷப் பழைய லேப்டாப்பே போதும். என்னை மாற்ற வைத்தது அதன் ஃபேன்.

மே மாசம் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, ஏசியை நிறுத்திவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் சரியாக மூன்றாவது பத்தியில் லேப்டாப் ஃபேன் கிளம்பும். பேசாத இடத்தில் கேட் (சத்தம் குறைந்தால் ஒலியை அடைத்துவிடும் எஃபெக்ட்) போட்டு மறைத்துவிடலாம், ஆனால் சொல்லுக்குள்ளேயே அந்த 'ஸ்ஸ்' உட்கார்ந்திருக்கும், கேட் போட்டால் ஒவ்வொரு வாக்கியமும் வெட்டி ஒட்டியதுபோல் கேட்கும். அமேசானின் ஏசிஎக்ஸ் என்ற ஆடியோபுக் தளம் மாதிரி இடங்களில் பின்னணிச் சத்தம் -60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

முதலில் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினேன், இரண்டு கோடைகாலம் ஓடியது. நீங்கள் டெஸ்க்டாப் வைத்திருப்பதால் உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: சிபியுவை அடுத்த அறையில் வைத்து, மானிட்டர் கேபிளையும் யுஎஸ்பி கேபிளையும் கதவிடுக்கு வழியாக இழுத்துக்கொள்ளலாம். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து மர பீரோவுக்குள் வைத்து மூடாதீர்கள், வெந்துவிடும். நான் கடைசியில் ஃபேனே இல்லாத எம்1 மேக்புக் ஏர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 8 ஜிபிதான், ராம் கூட்டவும் முடியாது, ஆனால் குரல் வேலைக்குத் தாராளம். உங்கள் செல்லோவுக்கெல்லாம் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சென்னை, கோடம்பாக்கம்

எல்லோரும் வைத்துக்கொள், வைத்துக்கொள் என்கிறீர்கள், நான் மாற்றச் சொல்கிற கட்சி. ஆனால் அதில் இருக்கிற வலியையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் 2012 மேக்புக் ப்ரோ, ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்பில் ஓடும் எட்டு சானல் இன்டர்ஃபேஸ். அந்த மேக் கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு நின்றுவிடும், கேட்டலினாவில் பழைய 32 பிட் மென்பொருள் எதுவும் ஓடாது, எனவே பழைய பிளக்-இன்களுக்காக அதற்கு முந்தைய மொஹாவேயிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜிங்கிள் வேலை, கிளையன்ட் பின்னாலேயே சோபாவில் உட்கார்ந்திருப்பார். அவர் எதிரில், மேக் திணறும்போது வரும் அந்த வண்ணச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் அடுத்த வேலை வேறு இடத்துக்குப் போய்விடும். காசு வாங்கிச் செய்கிறவர்கள் பழைய மெஷினை நம்பி இருக்கக் கூடாது என்பது என் முடிவு. வீட்டுப் பாட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை, அது வேறு கதை.

எம்4 மேக் மினி இந்தியாவில் 59,900-க்கு வந்தபோது எடுத்தேன், அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி. கணினிச் செலவு அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது. ஃபயர்வயர் இன்டர்ஃபேஸை அடாப்டர் மேல் அடாப்டர் போட்டு மேக்ஓஎஸ் செக்கோயா வரை ஓட்டலாம், அடுத்து வந்த டஹோவில் ஆப்பிள் ஃபயர்வயரையே எடுத்துவிட்டது. ஆக இன்டர்ஃபேஸும் புதிது. பழைய 32 பிட் பிளக்-இன்களுக்கு மாற்றும் புதிது. கணினி என்று கணக்குப் போட்டவர்கள் அதோடு சேர்ந்து போகிற சாமான்களையும் கணக்கில் வையுங்கள்.

மாற்றுகிறவர்கள் பழையதை அணைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது: ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் எல்லா டிராக்கையும் பூஜ்யத்தில் இருந்து தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்துவிடுங்கள், மிடியையும் (எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு) தனியாக. டெம்போவை ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். பிளக்-இன் லைசென்ஸை டீஆக்டிவேட் செய்துவிட்டு வெளியே வாருங்கள். ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் பழைய இ-லைசென்ஸர் என்ற யுஎஸ்பி லைசென்ஸ் டாங்கிளில் இருப்பவர்கள் இன்னும் கவனம், அந்தச் சேவையை 2025 மே மாசத்தோடு மூடிவிட்டார்கள். என் பழைய மேக்கை விற்கவில்லை, நெட் இல்லாமல் ஒரு மூலையில் இருக்கிறது, பழைய பாட்டில் யாராவது திருத்தம் கேட்டால் அதைத்தான் எழுப்புவேன்.

யாழ்ப்பாணம்

அண்ணை, எங்கட பக்கத்துக் கதையையும் ஒருக்கால் கேளுங்கோ. 2022 மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. டெஸ்க்டாப் வைத்திருந்த ஆட்கள் எல்லாரும் ரெக்கார்டிங்கை மூட்டை கட்டினார்கள், நான் ஒரு பழைய திங்க்பேடில் தொடர்ந்து செய்தேன். பற்றரி புதிசாய்ப் போட்டதுதான் நான் செய்த ஒரே செலவு. அதில் இன்னொரு லாபமும் கிடைத்தது: கிற்றாரைச் சொருகினால் வாற அந்த 'ம்ம்ம்' இரைச்சல் சார்ஜரைக் கழற்றியவுடன் நின்றுவிடும். பற்றரி செத்த லேப்டொப்பில் அதற்கு வழியே இல்லை.

விண்டோஸ் 11 ஏறாது என்று கவலைப்படுகிறவர்களுக்கு: உபுண்டு ஸ்டூடியோ என்ற இலவச லினக்ஸ் போட்டு ஆர்டர் (Ardour) என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் பதிகிறேன், ரீப்பருக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. தனி டிரைவர் கேட்காத யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் என்றால் சொருகியவுடன் வேலை செய்யும். ஆனால் ஐலொக் என்ற லைசென்ஸ் பூட்டைக் கேட்கும் பிளக்-இன்கள் அங்கே பெரும்பாலும் ஓடாது, மற்ற விண்டோஸ் பிளக்-இன்களை யாபிரிட்ஜ் என்ற மென்பொருள் மூலம் ஓட்டலாம், சிலது வடிவாய் ஓடும், சிலது அடம்பிடிக்கும். காசு கொடுத்து வாங்கிய லைப்ரரி நிறைய இருக்கிற ஆளுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

சென்னை, ரிச்சி தெரு பக்கம்

வாங்குவது என்று முடிவெடுத்தால் புதிதுதான் வேண்டும் என்பதில்லை. அலுவலகங்களில் கழித்துவிடும் எட்டாம் தலைமுறை மெஷின்கள் நிறைய வருகின்றன. திங்க்பேட் டி480 மாதிரி, நான்கு கோர், இரண்டு ராம் ஸ்லாட், விண்டோஸ் 11 முறையாக ஏறும். கடையிலேயே நின்று மூன்று விஷயம் பாருங்கள்: பயாஸில் (கணினி கிளம்பும்போது வரும் செட்டிங்) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால் எஸ்எஸ்டியின் ஆயுள் எவ்வளவு, ஒரு யூடியூப் வீடியோவை ஓடவிட்டால் ஃபேன் எவ்வளவு சத்தம் போடுகிறது. 2025 கடைசியில் இருந்து ராம் விலை கண்டபடி ஏறிக் கிடக்கிறது, அதனால் 8 ஜிபி வாங்கிவிட்டு அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், 16 இருக்கிறதாகவே பாருங்கள்.

மதுரைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. கோவை அண்ணன் சொன்னபடி பார்த்தேன். ஆர்டி சிபியு பாதியைக்கூடத் தாண்டவில்லை, ஆனால் லைப்ரரி ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ராமும் ஏழரைக்கு மேல். லேட்டன்சிமானில் சிவப்பு எதுவும் இல்லை. எஸ்எஸ்டி ஒன்று போட்டு லைப்ரரியை அதற்கு மாற்றினேன், கூடவே பழைய சாமான் கடையில் டிடிஆர்3 ராம் இரண்டு கிடைத்தது, 16 ஆக்கிவிட்டேன். வயலின், செல்லோ, தம்புரா எல்லாம் 256 பஃபரில் ஓடுகின்றன. 128-ல் இன்னும் எப்போதாவது ஒரு பொரி கேட்கிறது, ஃப்ரீஸ் செய்தால் அதுவும் இல்லை.

நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன், மெயில், பேங்க் எல்லாம் இனி போனில்தான். விண்டோஸ் 10 தனிநபர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் வரை என்று அறிவித்தார்கள், ஆனால் நெட்டே இல்லாத மெஷினுக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அவ்வப்போது நெட்டில் லைசென்ஸ் சரிபார்க்கும் பிளக்-இன் ஒன்று மட்டும் இருக்கிறது, அதைத் தூக்கிவிட்டு ரீப்பரோடு வரும், பாஸ், ட்ரெபிள் திருத்தும் ஈக்யூவையே பழகிக்கொண்டிருக்கிறேன். போர்டு போனால் நேராக ரிச்சி தெரு.

மிச்சப் பணத்துக்கு மிருதங்கத்துக்கு மைக் பார்க்கிறேன். வலது முகமான வலந்தலைக்கும் இடது முகமான தொப்பிக்கும் தனித்தனியாக வைப்பதா, முன்னால் ஒன்றே ஒன்று போதுமா? மாமா ஒன்று போதும் என்கிறார், எனக்கு இரண்டு வேண்டும் என்று தோன்றுகிறது. பதிந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.