என்க்ளெக்ஸ் ஆர்என்: 85 வினாக்களோடு தேர்வு நின்றுவிட்டால் தேர்ச்சி என்று கொள்ளலாமா?

கேள்வி: வார்டு செவிலியர், பெரம்பூர்

அனைவருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, சென்னையில் ஒரு மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் பணிபுரிகிறேன். அமெரிக்க உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வை எழுத ஏடிடி அனுமதி வந்துவிட்டது. சென்னையிலுள்ள பியர்சன் வியூ மையத்தில் நாள் குறிக்க வேண்டும். பாடங்களைக் காட்டிலும் தேர்வின் அமைப்புதான் என்னைக் குழப்புகிறது. எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத் தேர்வுகளில் வினாத்தாள் முழுவதையும் படித்துவிட்டு, தெரிந்ததை முதலில் எழுதிப் பழகியவள் நான். இங்கோ ஒருவருக்கு 85 வினாக்களோடு முடிகிறது, இன்னொருவருக்கு 150 வரை நீள்கிறது. சீக்கிரம் நின்றால் தேர்ச்சிதான் என்று விடுதித் தோழியர் சொல்வது சரியா? கேஸ் ஸ்டடி வினாக்களுக்கு மதிப்பெண் எப்படி வழங்கப்படுகிறது?

மறுமொழி: நர்சிங் கல்லூரி ஆசிரியை, தாம்பரம்

வணக்கம் சகோதரி. 85இல் நிற்பது தேர்ச்சிக்கும் அடையாளமன்று, தோல்விக்கும் அடையாளமன்று. நீங்கள் விடையளிக்கும் ஒவ்வொரு முறையும் கணினி உங்கள் திறனைப் புதிதாக மதிப்பிட்டு, நீங்கள் சரியாகச் சொல்லவும் தவறாகச் சொல்லவும் ஏறத்தாழச் சம வாய்ப்புள்ள வினாவையே அடுத்துத் தேடித் தருகிறது; சர்க்கரை அளவைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைப்பதைப் போன்ற முறை இது. அதனால்தான் நன்றாகப் படித்தவருக்கும் தேர்வு முழுவதும் கடினமாகவே தோன்றும். உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறது அல்லது கீழே இருக்கிறது என்று 95 விழுக்காடு உறுதி கிடைத்ததும், குறைந்தபட்ச வினாக்களான 85 முடிந்திருந்தால், தேர்வு நின்றுவிடும். கோட்டுக்கு அருகிலேயே இருப்பவருக்குத்தான் அது நீண்டுகொண்டே போகிறது. 150 வரை சென்று தேர்ச்சி பெற்றவர்கள் பலர் உண்டு.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்தில், 85 வினாக்களுள் 15 மதிப்பெண்ணில் சேராத சோதனை வினாக்கள். அவை எவை என்று உங்களால் கண்டறிய முடியாது, கண்டறிய முயலவும் வேண்டாம். மீதமுள்ள 70இல், மூன்று கேஸ் ஸ்டடிகளுக்கு ஆறாறு வினாக்கள் வீதம் 18 போக, 52 தனி வினாக்கள். ஒரு கேஸ் ஸ்டடியின் ஆறு வினாக்களும் ஒரே நோயாளியைப் பற்றியவை. அறிகுறிகளை இனங்காண்பதில் தொடங்கி, அவற்றை ஆராய்தல், முதன்மைப் பிரச்சினையைத் தீர்மானித்தல், தீர்வுகளை வகுத்தல், செயல்படுதல், பலனை மதிப்பிடுதல் என்ற வரிசையில் அவை வரும். நோயாளியின் குறிப்புகளும் ஆய்வக முடிவுகளும் திரையில் கூடவே இருக்கும்.

பகுதி மதிப்பெண் உண்டு என்பது பெரிய ஆறுதல். ஆனால் பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாவில் ஒவ்வொரு சரியான தேர்வுக்கும் ஒன்று கூடும், தவறான தேர்வுக்கு ஒன்று குறையும். மூன்று சரியும் ஒரு தவறும் தொட்டால் இரண்டுதான் கிடைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எனவே சந்தேகமுள்ள எல்லாவற்றையும் சொடுக்கிவிடும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

மறுமொழி: தேர்வில் தேர்ச்சி பெற்றவர், போரூர்

ஆசிரியை விளக்கியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் நம் ஊர்ச் செவிலியர் பலர் தடுமாறுவது இங்கேதான். பணி மேலாண்மைப் பகுதிக்கு 15 முதல் 21 விழுக்காடு வரை இடமுண்டு. எட்டுப் பகுதிகளில் அதுவே மிகப் பெரியது. எந்த வேலையை நர்சிங் உதவியாளரிடம் ஒப்படைக்கலாம், எதை எல்பிஎன் (ஆர்என்னுக்கு அடுத்த நிலையிலுள்ள உரிமம் பெற்ற செவிலியர்) செய்யலாம், எதை ஆர்என் (பதிவுபெற்ற செவிலியர்) மட்டுமே செய்ய வேண்டும் என்று அதில் கேட்பார்கள். நம் வார்டுகளில் எல்பிஎன் என்ற பதவியே கிடையாது. நோயாளியைக் குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும் பெரும்பாலும் உடனிருக்கும் உறவினரே செய்கிறார்கள். அந்த அனுபவத்திலிருந்து விடை சொன்னால் தவறாகிவிடும். நிலை சீராக உள்ள நோயாளியின் ரத்த அழுத்தம் பார்ப்பது, நடக்க உதவுவது போன்றவற்றை உதவியாளரிடம் விடலாம். முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், பலனைத் தீர்மானித்தல் ஆகியவற்றை ஒருபோதும் விடக்கூடாது. இந்த ஒரு பகுதிக்குத் தனியாக நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு வினாவுக்கு விடை தெரியாவிட்டால் அதைத் தாண்டிச் செல்ல வழியுண்டா? ஐந்து மணி நேரம் போதுமா?

மறுமொழி: நர்சிங் கல்லூரி ஆசிரியை, தாம்பரம்

தாண்டவும் முடியாது, உறுதி செய்த விடைக்குத் திரும்பவும் முடியாது. ஆகவே விடை தெரியாத வினாவிலும் உங்கள் சிறந்த முடிவைச் சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். நேரம் போதும், ஆனால் நடுவில் எடுக்கும் இடைவேளையும் அந்த ஐந்து மணி நேரத்திலேயே கழியும். நேரம் தீரும்போது 85 வினாக்களை முடித்திருக்காவிட்டால் தோல்வி. முடித்திருந்தால், அதுவரை அளித்த எல்லா விடைகளையும் கொண்டு கணிக்கப்படும் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு விடைகளைச் சொடுக்கினால் அந்த மதிப்பீடு சரிந்துவிடும். அதைவிட, கையிலிருக்கும் வினாவை நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கையில் நேரம் முடிவது நல்லது.