கடைக்காரர் சொன்னார், நம்பினோம்: பெங்களூர் அனுபவங்கள்

அல்சூர்வாசி:

இந்திரா நகர் 100 அடி சாலையில் ஒரு பெரிய கடை. என் மடிக்கணினிக்கு இன்னொரு 8 ஜிபி ரேம் (நினைவக அட்டை) வேண்டும், டிடிஆர்4 வகை என்று மூன்று முறை சொன்னேன். விற்பனைக்கு நின்ற இளைஞர் உள்ளே போய், அடுத்த தலைமுறையான டிடிஆர்5 அட்டையோடு வந்தார். "புதியது பழையதிலும் வேலை செய்யும்" என்றார். செய்யாது. மடிக்கணினியில் டிடிஆர்4 அட்டைக்கு 260 முனைகள், டிடிஆர்5 அட்டைக்கு 262. அட்டையின் விளிம்பில் இருக்கும் பள்ளமும் வேறு இடத்தில் இருக்கும். மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் பின்மூடியைக் கழற்றி, அட்டையை வைத்து அழுத்த ஆரம்பித்துவிட்டார். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார். "ஆகத்தெ சார், ஆகத்தெ" என்றார் கன்னடத்தில், ஆகும் ஆகும் என்று. பச்சைப் பலகை வளைவதைப் பார்த்ததும் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். கணினி பிழைத்தது. ஆனால் "கொஞ்சம் இருங்கள், உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன்" என்ற ஒரு சொல் அவர் வாயில் வரவே இல்லை. இரண்டு வருடம் ஆகியும் அது என்னை உறுத்துகிறது.

ஜீவன்பீமா நகர் மகள்:

உங்களுக்குக் கணினி. எனக்கு அப்பா.

அப்பாவுக்காக, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டி இயந்திரத்தை வீட்டுக்கு வரவழைத்த வாரத்திலேயே இன்வெர்ட்டர் வாங்கப் போனேன். இரவு முழுவதும் இயந்திரம் ஓட வேண்டும் என்பது ஒன்றுதான் என் கேள்வி. "150 ஆம்பியர் பேட்டரி மேடம், மூன்று ஃபேன், ஐந்து லைட், விடிய விடிய ஓடும்" என்றார். நான் ஃபேனையும் லைட்டையும் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "எல்லாம் ஓடும்."

மே மாத மழையில் எங்கள் தெருவில் மரம் சாய்ந்து, இரவு 11 மணிக்கு மின்சாரம் போனது. 2 மணியைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஆக்சிஜன் சிலிண்டரின் திருகைத் திறந்தேன். முதலில் எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் ஏட்டில் 1800 வாட்-மணி. 350 வாட் இழுக்கும் இயந்திரத்துக்கு ஏட்டிலேயே ஐந்து மணி நேரம்தான். வழியில் வீணாவது போக, இழுக்கும் சுமை கூடக் கூட ஈய அமில பேட்டரியின் கொள்ளளவும் குறையும். விடியும்வரை தாங்க வழியே இல்லை. பள்ளிக்கூடப் பெருக்கல். விற்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

கிருஷ்ணகிரிக்காரன்:

அக்கா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் எத்தனை வாட் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அவரும் கணக்குப் போட்டிருப்பார். நான் இதே ஊரில் மூன்று வருடம் டிவி விற்றவன். உள்ளே நிற்கும் பலர் கடையின் ஆட்களே கிடையாது. ஏதாவதொரு கம்பெனி தன் சட்டையைப் போட்டு அனுப்பிய புரமோட்டர்கள். அந்தக் கம்பெனியின் சரக்கைத் தவிர வேறெதையும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. மாத இலக்கு தலைமேல் நிற்கும். "தெரியாது" என்றால் வாடிக்கையாளர் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார், மேலாளர் பார்த்துக்கொண்டிருப்பார். அல்சூர் அண்ணன் சொன்ன அந்தச் சொல் ஏன் வாயில் வரவில்லை என்றால் இதனால்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவர், பழைய ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன், சிவப்பு வெள்ளை ஒயர், இந்த டிவியில் மாட்டலாமா என்று கேட்டார். பின்பக்கம் குனிந்து பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும் துளைகள் இருந்தன. "மாட்டலாம் ஐயா" என்றேன். அவை ஒலி உள்ளே வருவதற்கானவை. வெளியே போவதற்கு அந்த டிவியில் ஆப்டிகல், எச்டிஎம்ஐ என்ற வேறு வகைத் துளைகள்தான் இருந்தன. துளைக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. நான்காம் நாள் ஆட்டோவில் அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தார்.

மல்லேஸ்வரம் பொறியாளர்:

கிருஷ்ணகிரித் தம்பி, தெரியாமல் இருப்பதற்குச் சம்பளம் காரணமாகலாம். தெரிந்ததுபோல் சொல்வதற்கு ஆகாது. பணம் கொடுப்பவர் அதை ஏன் தாங்க வேண்டும்?

என்னுடையது சின்ன விஷயம். மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மடிக்கணினியை மானிட்டரோடு இணைக்க யுஎஸ்பி சி-கேபிள் கேட்டேன். "எல்லா சி-யும் ஒன்றுதான்" என்று சார்ஜர் கேபிளைக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் மானிட்டர் கறுப்பாகவே நின்றது. முனை ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே ஓடும் கம்பிகள் வேறு. சார்ஜுக்கென்று வரும் பல கேபிள்களில் நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தைத் தாண்டாத பழைய யுஎஸ்பி 2.0 கம்பிகள்தான் இருக்கும், படத்தைக் கடத்தும் கம்பிகள் இருக்காது.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கேபிளோ ரேமோ, பொருளையே கையில் எடுத்துப் போங்கள், கடையிலேயே மாட்டி ஓடுவதைப் பாருங்கள். கையில் எடுத்துப் போக முடியாததற்கு, விற்பவர் வாயால் சொன்னதை பில்லின் ஓரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதக் கையை நீட்டும்போதுதான் பாதிப் பேர் "இருங்கள், கேட்டு வருகிறேன்" என்பார்கள். எழுதித் தந்தும் பொய்யாகிப் போனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளின் விலை 5 லட்சம்வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பில்லை நகலெடுத்து வையுங்கள், அந்தத் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடுகிறது. அல்சூர் நண்பரே, மணிக்கட்டைப் பிடித்ததோடு விட்டுவிட்டீர்களே, மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அல்சூர்வாசி:

எழுதிக் கொடுத்தால் அந்தப் பையனுக்குத்தான் வேலை போகும். சொல்லிக் கொடுக்காமல் அவனை நிறுத்திவைத்தவருக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் கொடுக்கவில்லை.

ஜீவன்பீமா நகர் மகள்:

கிருஷ்ணகிரித் தம்பி, வாட் சொல்லவில்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இயந்திரத்தின் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். 350 வாட் என்று தெளிவாக இருக்கிறது. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், தலையாட்டினார், "ஓடும்" என்றார். அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பெட்டியோடு வந்த பெரியவரிடம் என்ன சொன்னீர்கள்?

கிருஷ்ணகிரிக்காரன்:

மன்னியுங்கள் அக்கா. நீங்கள் படம் காட்டியது எனக்குத் தெரியாது.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் ஆட்டோ நின்றதைப் பார்த்ததுமே கிடங்குக்குப் போய்விட்டேன். அவர் என்னைத்தான் தேடினார் என்று பிறகு சொன்னார்கள்.