இந்த மண்மேடும் பள்ளமும் இடைக்கால அரண் மாளிகையின் தடயமா?

கேள்வி:
இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு மேய்ச்சல் நிலத்தை உரிமையாளரின் அனுமதியோடு நடந்து பார்த்தேன். செவ்வக மேடு, மூன்று பக்கமும் அகலமான பள்ளம், நாலாவது பக்கம் மட்டும் சமதளம். தெற்கே ஆழமில்லாத நீளக் குழி ஒன்று, அதன் ஒரு முனையில் கரை. லைடார் படத்திலும் (வானிலிருந்து லேசரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்து எடுப்பது) தெளிவாகத் தெரிகிறது. அரண் மாளிகை என்று சொல்லலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு, பெரும்பாலானவை சுமார் 1250 முதல் 1350 வரை உருவானவை, பலவற்றில் அகழி பாதுகாப்பைவிட அந்தஸ்துக்கும் வடிகாலுக்கும்தான். அரண் என்று சொல்ல மதிலின் அடித்தளமோ வாயில் கட்டடமோ வேண்டும். உங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஸ்டோக்சே என்ற அரண் மாளிகைக்கு, அரண் அமைக்க 1291இல் அரசரின் அனுமதி கிடைத்தது, அப்படி ஏதாவது பதிவு இருக்கிறதா பாருங்கள்.

பதில் 2:
தெற்கே உள்ளது மீன்குளமாக இருக்கலாம், அந்தக் கரைதான் தண்ணீரைத் தேக்கியிருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது பழைய உழவு வரிகள், அதாவது உழுததால் நிலத்தில் பதிந்த நீளக் கோடுகள். அவை பள்ளத்துக்கு முன்பே திரும்பினால் அகழி முந்தியது, பள்ளம் வரிகளை வெட்டிக்கொண்டு போனால் பிந்தியது. நாலாவது பக்கத்தைப் பிற்காலத்தில் மண் போட்டு மூடியிருக்கலாம், மூடிய பள்ளத்தில் ஈரம் தங்கும் என்பதால், வறண்ட கோடையில் புல் எங்கே பச்சையாக நிற்கிறது என்று கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி! வடக்கே வரிகள் பள்ளத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கின்றன, இப்போதுதான் படத்தில் கவனித்தேன்.

பதில் 1:
அப்படியானால் உழுத வயலின் மேல்தான் அகழியை வெட்டியிருக்கிறார்கள், நல்ல தடயம். அப்புறம், பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அனுமதியில்லாமல் உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோவது குற்றம்.