சென்னையின் எஃப்சி: அடுத்த சீசனும் போகலாமா, காலி நாற்காலியைக் காட்டலாமா?

பெரம்பூர்_லெஃப்ட்விங் எழுதியது:

நேராகவே கேட்டுவிடுகிறேன். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து தொடங்கிய 2014 முதல் சீசனிலிருந்து நம் சென்னையின் எஃப்சி ஆட்டம் பார்க்க நேரு ஸ்டேடியம் போய்க்கொண்டிருக்கிறவன் நான். ஆரம்பத்தில் நண்பர்களோடு, இப்போது மகளோடு. அவளுக்கு ஒன்பது வயது. 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று அடித்து நாம் இரண்டாவது கோப்பையைத் தூக்கியபோது அவளுக்கு இரண்டு வயது, ஒன்றும் நினைவில்லை. அவளுக்குத் தெரிந்த சென்னையின் என்ன? 2020-21இல் 8ஆம் இடம், அடுத்த வருடம் 8, அதற்கடுத்த வருடமும் 8. 2023-24இல் 6ஆம் இடத்தில் தொற்றிக்கொண்டு பிளே-ஆஃப் போனோம், கோவாவிடம் 2-1 தோற்றோம். 2024-25இல் 13 அணிகளில் 11ஆம் இடம். நமக்குக் கீழே இருந்தவை ஹைதராபாத்தும் முகமதனும்தான். இரண்டுமே சம்பளம் கொடுக்க முடியாமல் அல்லாடிய கிளப்கள். அந்தக் கஷ்டம் எதுவும் இல்லாமலே நாம் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். 2022இல், கோவாவில் பூட்டிய அரங்கில் ஆடிய இரண்டு சீசன் முடிந்து ஆட்டம் ஊருக்குத் திரும்பியபோது, மகளுக்கு நீல ஜெர்சி வாங்கி முதுகில் நம் நடுக்கள ஆட்டக்காரர் தாபா பெயர் போட்டுக் கொடுத்தேன். இரண்டு சைஸ் பெரியதாக, வளர்ந்து போடட்டுமே என்று. அது அவளுக்குச் சரியாகப் பொருந்திய நேரத்தில் அனிருத் தாபா கொல்கத்தாவின் மோகன் பகானில் இருந்தார்.

கேள்வி இதுதான். அடுத்த சீசனுக்கும் பணம் கட்டிப் போவதா, இல்லை நாமெல்லாம் சேர்ந்து ஒரு பத்து ஆட்டம் போகாமல் இருந்து காலி நாற்காலியைக் காட்டினால் நிர்வாகத்துக்கு உறைக்குமா? கத்திப் பார்த்தாயிற்று, பேனர் பிடித்துப் பார்த்தாயிற்று.

ஆஃப்சைடு_அண்ணாச்சி எழுதியது:

தாபா ஒருவர்தானா ப்ரோ? நான் கணக்கைத் திறந்தால் நீங்கள் இன்றைக்குத் தூங்கமாட்டீர்கள்.

2019 கடைசியில் பயிற்சியாளர் ஜான் கிரிகரி போனதும் தட்டுத்தடுமாறிக் கிடந்த அணியை ஓவன் காயில் கையில் எடுத்து ஃபைனல் வரை கொண்டுபோனார். 2020 மார்ச், ஃபதோர்டாவில் ஆளே இல்லாத அரங்கு, கொல்கத்தாவின் ஏடிகே-யிடம் 3-1 தோற்றோம், அது பரவாயில்லை. நம் முன்கள ஆட்டக்காரர் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல், அதிக கோலுக்கான தங்க பூட்டும் அவருக்குத்தான். சரி, இந்த இரண்டு பேரையும் பிடித்து வைத்து அதன்மேல் கட்டுவார்கள் என்று நானும் நீங்களும் நினைத்தோம். அடுத்த சீசனில் இரண்டு பேரும் ஜாம்ஷெட்பூரில். 2021-22இல் காயில் அந்த ஊருக்கு லீக் ஷீல்டு (புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான கோப்பை) வாங்கிக் கொடுத்தார். நம் விங்கர் சாங்தே 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார், அதற்கடுத்த சீசனில் லீகின் சிறந்த ஆட்டக்காரர். கோல்கீப்பர் விஷால் கைத் அதே 2022இல் மோகன் பகானுக்கு. போன கையோடு சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறை, 2024-25இல் இன்னொன்று. நம்மிடம் இருந்தவரை இவர்களையெல்லாம் "பரவாயில்லை ரகம்" என்று நாமே பேசிக்கொண்டிருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியாளர் விஷயத்தில் இன்னும் மோசம். காயில் போனதும் ஹங்கேரிக்காரர் லாஸ்லோ, ஒரு சீசன். அப்புறம் மாண்டினீக்ரோவிலிருந்து பாண்டோவிச், சீசன் முடியும் முன்பே டாட்டா, மிச்ச ஆட்டத்துக்கு நம்ம சபீர் பாஷா. அப்புறம் ஜெர்மனியிலிருந்து பிர்தாரிச், ஒரு சீசன். அப்புறம் 2023இல் சுற்றிச் சுற்றி மறுபடி அதே காயில்! அவர் போனபோதே தடுத்திருந்தால் நடுவில் மூன்று வருடம் மிச்சம். ஒவ்வொருவரும் வரும்போது ஒரு பாணி, அதற்கு ஏற்ற ஆட்கள், அவர் போனதும் அந்த ஆட்கள் பாரம். வாடகை வீட்டுக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்கிற மாதிரிதான்.

போகாதீர்கள் என்பதுதான் என் ஓட்டு.

கணக்குப்பிள்ளை_07 எழுதியது:

எல்லோரும் திட்டுவதால் நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கல்லெறியாதீர்கள்.

மோகன் பகான் கூப்பிட்டால் எந்த இந்திய வீரர் மாட்டேன் என்பார்? சம்பளமும் அங்கேதான், கோப்பையும் அங்கேதான். ஆட்டக்காரர் போனதுக்கெல்லாம் நிர்வாகத்தைத் திட்ட முடியாது. ஒப்பந்தத்தை நேரத்தோடு நீட்டியிருக்கலாம், விற்றால் கையில் பணமாவது வந்திருக்கும், அந்த அளவுக்கு உங்கள் கோபம் நியாயம்.

நிஜமான வியாதி வேறு இடத்தில் இருக்கிறது. 2024-25 வரை இந்த லீகில் கடைசி அணியைக் கீழே இறக்குவது என்பதே கிடையாது. இதற்கு அடுத்த நிலையான ஐ-லீகில் ஜெயித்தால் மேலே வரலாம், பஞ்சாப் வந்தது, முகமதன் வந்தது. ஆனால் இங்கே கடைசியில் முடித்தாலும் அடுத்த வருடம் அதே நாற்காலி. 11ஆம் இடமும் 8ஆம் இடமும் முதலாளிக்கு ஒன்றுதான். வருடா வருடம் லீகுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், டிவி பணம் பெரிதாக இல்லை, நஷ்டம் உறுதி. அப்படி இருக்கும்போது "இந்த வருடத்தைத் தள்ளினால் போதும்" என்கிற புத்திதான் வரும். போதாததுக்கு, இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010இல் லீக் நடத்துகிறவர்களோடு போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிந்தது. அடுத்து என்ன என்று தெரியாமல் எவன் ஐந்து வருடத் திட்டம் போட்டிருப்பான்?

இன்னொன்று. நம்ம ஊரின் இன்னொரு கிளப் சென்னை சிட்டி ஞாபகம் இருக்கிறதா? 2018-19இல் கோயம்புத்தூரில் வைத்து ஐ-லீக் கோப்பையே வாங்கியது. அதே சீசனில் நாம் நடப்பு சாம்பியனாக இருந்துகொண்டு 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். இன்றைக்கு சென்னை சிட்டி தேசிய லீக் எதிலும் இல்லை, நாம் இருக்கிறோம். முதலாளிகள் (வீடா தானி, அபிஷேக் பச்சன், தோனி) 2014இலிருந்து கடையைச் சாத்தாமல் இருப்பதற்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். தோனியின் கிரிக்கெட் அணியும் 2025இல் கடைசி இடம்தான், அங்கே யாரும் சேப்பாக்கத்தைக் காலி பண்ணச் சொல்லவில்லை.

வியாசை_பழைய_ஆள் எழுதியது:

கணக்குப்பிள்ளை தம்பி, கடை சாத்தவில்லை என்பதற்காக அழுகின கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறீர்களா?

எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. 1993இல் நேரு கோப்பை இங்கே நடந்தபோது பார்த்தவன், இந்தியன் வங்கி அணியின் ஆட்டத்துக்கெல்லாம் வேலைக்கு லீவு போட்டவன். என் வருத்தம் 11ஆம் இடம் இல்லை. அணியில் ஊர்ப் பையன் எங்கே? சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், அடுத்தது வியாசர்பாடி ஜீவா. இரண்டே ஸ்டேஷன். ஒரு சாயங்காலம் முல்லை நகர் மைதானத்துக்கு வந்து நின்று பாருங்கள், வெறுங்காலோடு ஒரு பையன் பந்தை முதுகுக்குப் பின்னால் இழுத்துத் திருப்புவான், அவனைப் பிடிக்க வருகிறவன் மண்ணில் விழுந்து எழுந்திருப்பான். எங்கள் தனபால் கணேஷ் இந்தத் தெருவிலிருந்து போய்த்தான் 2018 கோப்பை அணியில் இருந்தார், அப்புறம் காயம் அவரை விடவில்லை. இதே சென்னைப் பையன் நந்தகுமார் ஒடிசாவுக்கு ஆடினார், ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோலில் கொல்கத்தாவில் பாதி ஊர் ஆடியது. காரைக்குடிப் பக்கத்துச் சிவசக்தி பெங்களூருவுக்கு ஆடினார். கன்னியாகுமரிக் கடற்கரை சூசைராஜ் ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா, ஒடிசா என்று எல்லா ஊரும் சுற்றினார். அவர்களை அந்த ஊர் ஆட்கள் கண்டுபிடித்தார்கள், இங்கே இருக்கிறவர்களுக்கு இரண்டு ஸ்டேஷன் தூரம் அதிகம்.

பெயரைப் பாருங்கள், "சென்னையின்". சென்னையின் எது என்று இன்னும் முடிக்கவில்லை.

இவ்வளவு பேசிவிட்டு நான் போவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், நம் அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றி ஆடினார்கள், 3-0 ஜெயித்தோம். ஃபைனலில் 90ஆவது நிமிடம் வரை கோவா 2-1. ஸ்டிவன் மெண்டோசா கடைசியில் அடித்தபோது நானும் பக்கத்து வீட்டுக்காரரும் சேறு வழிக்கிற துடைப்பத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதற்கு முன்பும் சரி பின்பும் சரி, அவரோடு எனக்குப் பேச்சே கிடையாது.

நீலச்சட்டை_நெ.4 எழுதியது:

புறக்கணிப்பு பற்றி ஒரு நடைமுறை விஷயம். நாம் போகாவிட்டால் நாற்காலி காலியாக இருக்கும் என்று யார் சொன்னது? கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தன்று வந்து பாருங்கள், சென்ட்ரலிலிருந்து கேட் வரை மஞ்சள்தான். நாம் விட்ட இடத்தில் அவர்கள் உட்காருவார்கள், டிக்கெட் பணம் அதே கல்லாவில் விழும். மற்ற ஆட்டங்களிலோ ஏற்கெனவே பாதி காலி, அதில் யாருடைய காலி கோபம், யாருடைய காலி சோம்பல் என்று எப்படித் தெரியும்?

என் யோசனை: ஆட்டத்துக்குப் போவோம், ஜெர்சி, தொப்பி எதுவும் கடையில் வாங்க வேண்டாம். நம் ரசிகர் குழுக்களான சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் ஒரு தடவையாவது சேர்ந்து ஒரே கடிதமாக எழுதட்டும். யார் எந்த ஆட்டக்காரரை வாங்க முடிவு செய்கிறார்கள், அவர் பெயர் என்ன, சீசனுக்கு ஒருமுறை எங்கள் முன்னால் வந்து உட்காருவாரா. 2024-25இன் கடைசி ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 5-2 என்று அடித்தோமே, பந்தாட்டம் தெரியாத ஆட்கள் இல்லை இவர்கள். அதனால்தான் எரிகிறது.

பெரம்பூர்_லெஃப்ட்விங் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிளாஸ்டர்ஸ் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை, என் நாற்காலியில் மஞ்சள் சட்டை உட்காருவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. ஆகப் போகிறோம். கடிதத்துக்கு என் கையெழுத்தும் உண்டு, யார் எழுதுகிறீர்களோ சொல்லுங்கள். கணக்குப்பிள்ளை, இறக்கம் இல்லாத லீக் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் ஒப்பந்தத்தை நேரத்தோடு நீட்டாததற்கு லீக் என்ன பண்ணும்?

வியாசை அண்ணே, நான் இருப்பது பெரம்பூர், உங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். ஞாயிற்றுக்கிழமை மகளை முல்லை நகர் அழைத்து வரட்டுமா, எத்தனை மணிக்கு ஆட்டம்? தாபா ஜெர்சி இப்போது இடுப்புக்கு மேலே நிற்கிறது. ஆனாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்கிறாள்.