ராத்திரி நெஞ்செரிச்சலோடு நான்கு வருடம்

முதல் தடவை வந்தபோது மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். இரவு இரண்டு மணி இருக்கும். நடு நெஞ்சில் தீயை வைத்தது போல் எரிந்தது. தொண்டைவரை புளிப்பாக ஏதோ ஏறி மூச்சை அடைக்க, இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தேன். மனைவிதான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, அமிலம் எதுக்களிக்கிறது என்றார்கள். அன்று போனதை வீண் அலைச்சல் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், "கேஸாகத்தான் இருக்கும்" என்று தயவுசெய்து வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். இரண்டுமே நெஞ்சில்தான் தெரியும். நாமாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே இறுக மூடிக்கொள்ள வேண்டும். அது நேரங்கெட்ட நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே வந்துவிடும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் கெட்டியான சளிப்படலம் உண்டு, உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு கிடையாது. அதனால்தான் அந்த எரிச்சல்.

பான்டோப்ரசோல் மாத்திரை கொடுத்தார்கள். நான் அதைத் தலைவலி மாத்திரை மாதிரி பயன்படுத்தினேன். எரிந்தால் போடுவது, அதுவும் ராத்திரி சாப்பிட்டபின். ஆறு மாதம் இப்படியே போனது, பெரிதாகக் குறையவில்லை. அப்புறம் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இதை எப்போது போடுகிறீர்கள்?" என்பதுதான். சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அமிலத்தைச் சுரக்கும் பம்புகள் ஓடத் தொடங்குமாம். ஓடுகிற பம்பைத்தான் இந்த மாத்திரை அடைக்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே அது வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும், தினமும் விடாமல் போட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் போட ஆரம்பித்து ஒரே வாரத்தில் பகல் எரிச்சல் போய்விட்டது. இந்த ஒரு கேள்வியை ஆரம்பத்திலேயே யாராவது கேட்டிருந்தால் அந்த ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ராத்திரிதான் மிச்சம் இருந்தது. தலையணையை இரண்டு மூன்றாக அடுக்கிப் படுத்தேன். கழுத்து வலித்தது, எரிச்சலும் கூடியது. அப்படிப் படுத்தால் இடுப்பில் மடிந்து வயிறு இன்னும் அழுந்துகிறது என்று பிறகுதான் தெரிந்தது. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஆறு அங்குல மரக்கட்டை வைத்தோம். உடம்பு முழுவதும் ஒரே சரிவாகக் கிடக்க வேண்டும், அதுதான் விஷயம். கூடவே இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கப் பழகினேன். இடப்பக்கம் படுத்தால் இரைப்பையின் வாய் அமிலத்துக்கு மேலே நிற்கும், வலப்பக்கம் திரும்பினால் அது அமிலத்துக்குள் முங்கிவிடும். முதல் வாரம் தூக்கத்தில் புரண்டுவிடுவேன், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அணைகொடுத்ததும் சரியானது. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இடைவெளி விட்டேன். எனக்கு மாத்திரைக்கு அடுத்தபடி அதிகம் உதவியது இதுதான்.

எதைச் சாப்பிடக்கூடாது என்று எல்லோரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு மாதம் நோட்டுப்புத்தகத்தில் எழுதிப் பார்த்தேன். காபி என்னை ஒன்றும் செய்யவில்லை. எண்ணெயில் பொரித்ததும், வயிறு முட்டச் சாப்பிடுவதும்தான் படுத்தின. உங்களுக்கு வேறாக இருக்கலாம், எழுதிப் பாருங்கள். பால் மட்டும் எல்லோரையும் ஏமாற்றும் என்று தோன்றுகிறது. குடித்ததும் குளிர்ச்சி, கொஞ்ச நேரத்தில் அதுவே அமிலத்தைத் தூண்டிவிடும்.

நன்றாக இருக்கிறதே என்று ஒருநாள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினேன். ஒரு வாரத்தில் முன்பைவிட மோசமாக வந்தது. நோய் முற்றிவிட்டதோ என்று பயந்து போனேன். பல மாதம் அடக்கி வைத்திருந்த அமிலம், தடை நீங்கியதும் சில வாரங்களுக்கு அளவு மீறிச் சுரக்குமாம். அடுத்த தடவை டாக்டர் சொன்னபடி அளவைக் குறைத்து, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, மெதுவாக நிறுத்தினேன். இடையில் எரிந்தால் சாப்பிட்டபின் ஆல்ஜினேட் மருந்து. அது வயிற்றில் இருப்பதன்மேல் மிதக்கும் மூடிபோல் நிற்கிறது.

மூன்றாம் வருடம் சாப்பாடு நெஞ்சில் நிற்பதுபோல் இருந்ததால் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். லேசான அழற்சிதான். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போது மாத்திரை இல்லாமல் ஏழு மாதம் ஆகிறது. மாதத்தில் ஓரிரு நாள் வரும், பெரும்பாலும் வேலை முடிந்து பத்து மணிக்குமேல் சாப்பிட்ட நாளில். அன்று ஒரு மணிவரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் படுக்கிறேன். கட்டிலுக்கு அடியில் இருக்கும் கட்டைகளை இனி எடுத்துவிடலாமா என்று போன வாரம் மனைவி கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.